காலராவும் குடலின் எதிர்ப்பொருள்களும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: காலராக் கிருமி இரத்தத்துக்குள் நுழைவதில்லை என்று படித்தேன். அப்படியானால் கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதமான எதிர்ப்பொருள் அதை எங்கே சந்திக்கிறது?

பதில்: குடலுக்குள்ளேயே சந்திக்கிறது. இக்கிருமி சிறுகுடலின் உட்சுவரில் ஒட்டிப் பெருகி, அங்கிருந்தபடியே நச்சைச் சுரக்கிறது. சுவரைத் துளைத்து உள்ளே போவதில்லை. சுவருக்கு அடியிலுள்ள பிளாஸ்மா செல்கள் ஐஜி-ஏ என்னும் எதிர்ப்பொருளை இரண்டிரண்டாக இணைத்து உருவாக்க, சுவரின் செல்கள் அதை ஏந்திச் சென்று உட்புறச் சளியில் சேர்க்கின்றன. அப்படிக் கடக்கும்போது அதனுடன் ஒட்டிக்கொள்ளும் ஒரு புரதத் துண்டு, செரிமான நொதிகள் அதை எளிதில் சிதைத்துவிடாமல் காக்கிறது.

கேள்வி: அது கிருமியைக் கொன்றுவிடுமா?

பதில்: பெரும்பாலும் கொல்வதில்லை, கொல்ல வேண்டிய தேவையும் இல்லை. காற்புள்ளிபோல் வளைந்த இக்கிருமி, தன் ஒற்றைக் கசையிழையைச் சுழற்றிச் சளியை நீந்திக் கடந்தால்தான் சுவரை எட்ட முடியும். நான்கு பிடிமுனைகள் கொண்ட ஐஜி-ஏ, கிருமியின் மேலுறையிலுள்ள சர்க்கரைச் சங்கிலிகளைப் பற்றி, நீச்சலைத் தடுத்து, கிருமிகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. பிணைந்த திரள்களைக் குடலின் அசைவே வெளியேற்றிவிடும். ஆய்வகத்தில், கண்ணாடித் தகட்டிலுள்ள கிருமிக் கலங்கலில் உரிய எதிர்சீரம் (அக்கிருமிக்கான எதிர்ப்பொருள் கொண்ட இரத்தநீர்) ஒரு துளி கலந்தால், பால்போல் இருந்தது சில நொடிகளில் மணல்மணலாகத் திரிவதை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம்.

கேள்வி: நச்சைத் தடுக்கும் எதிர்ப்பொருள் மட்டும் போதாதா?

பதில்: போதாது என்பதே என் உறுதியான கருத்து. நச்சுப் புரதத்தின் உறுப்புகளான துணையலகுகளில், ஐந்து பி துணையலகுகள் குடல் செல்லைப் பற்றிக்கொள்ள, ஏ துணையலகு உள்ளே சென்று நீரையும் உப்பையும் கொட்டவைக்கிறது. அந்தப் பிடியைத் தடுக்கும் எதிர்ப்பொருள் உதவும் என்றாலும், அது தரும் பாதுகாப்பு சில மாதங்களே நீடிக்கும். 1992-இல் பரவத் தொடங்கிய ஓ139 என்னும் காலராக் கிருமி வகையைப் பாருங்கள்: பழைய ஓ1 வகை சுரந்த அதே நச்சைத்தான் அதுவும் சுரந்தது, ஆனால் அதன் சர்க்கரை உறை வேறு, பழைய உறைக்கான எதிர்ப்பொருள் அதைப் பற்றவில்லை, அதனால், காலரா நெடுங்காலம் நிலவிய பகுதிகளிலும் பெரியவர்கள் பலர் நோயுற்றனர்.

கேள்வி: தடுப்பு மருந்தை வாய்வழியே தருவது ஏன்?

பதில்: ஊசி முக்கியமாக இரத்தத்தில்தான் எதிர்ப்பொருளைப் பெருக்கும். சளியில் ஐஜி-ஏ போதிய அளவு சுரக்க, குடலிலுள்ள நோயெதிர்ப்புத் திசுவே கிருமியை நேரில் அறிய வேண்டும்.

கேள்வி: தாய்ப்பாலிலும் ஐஜி-ஏ உண்டா?

பதில்: உண்டு. கிருமி குழந்தையின் குடலில் குடியேறுவதை அது முற்றிலும் தடுக்காவிட்டாலும், நோயாக முற்றும் வாய்ப்பைக் குறைக்கிறது.

கேள்வி: நோய் தொடங்கியபின் எதிர்ப்பொருளை நம்பிக் காத்திருக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. எதிர்ப்பொருள் பெருகச் சில நாட்கள் ஆகும். கடும் நீரிழப்போ சில மணி நேரத்திலேயே உயிரைப் பறித்துவிடும். உப்புச் சர்க்கரைக் கரைசலை உடனே கொடுக்கத் தொடங்கி, கொடுத்தபடியே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.