கேள்வி பதில்: ரோபோவுக்கு லேசரும் கேமராவும்

கேள்வி: சார், நான் டிப்ளமோ இரண்டாம் ஆண்டு. ராஸ்பெர்ரி பை என்கிற சின்னக் கம்ப்யூட்டர் போர்டு போட்டு சக்கரம் வைத்த ஒரு சின்ன ரோபோ செய்திருக்கிறேன். ஒலியின் எதிரொலியை வைத்துத் தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார் சுவரைக் கண்டுபிடிக்கிறது, ஆனால் நாற்காலிக் காலை விட்டுவிடுகிறது, திரைச்சீலையில் போய் மோதுகிறது. வீட்டில் பழைய வெப்கேம் ஒன்று இருக்கிறது. அதை வைத்து தூரம் அளக்க முடியுமா? (கோவில்பட்டி வாசகர்)

பதில்: கேமரா மட்டும் என்றால் சிரமம். அதோடு ஒரு சிவப்பு லேசரைச் சேர்த்தால் தாராளமாக முடியும். அல்ட்ராசோனிக் ஒலி விரிந்துகொண்டே போவதால் மெல்லிய காலில் பட்டுத் திரும்பும் எதிரொலி ரொம்பக் குறைவு, துணியோ ஒலியை உறிஞ்சிவிடும். கேமராவுக்குப் பொருள் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியும், எவ்வளவு தூரம் என்று தெரியாது. பக்கத்தில் இருக்கிற சின்னப் பெட்டியும் தள்ளி இருக்கிற பெரிய பெட்டியும் படத்தில் ஒரே அளவாக விழலாம்.

கட்டைவிரலை முகத்துக்கு முன்னால் நீட்டி, கண்களை மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். விரல் கிட்டே இருந்தால் நிறைய நகரும், தள்ளிப் போனால் கொஞ்சமாக நகரும். இரண்டு கண்ணும் விரலும் சேர்ந்த இந்த முக்கோணக் கணக்குதான் இங்கேயும். கேமராவுக்கு நேர் கீழே 10 செ.மீ. இறக்கி லேசரைப் பொருத்தி இரண்டையும் ஒரே திசையில் நேராகப் பார்க்க வையுங்கள். படம் 640×480, பக்கவாட்டுப் பார்வை 60 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 1 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் விழும் புள்ளி படத்தின் மையத்திலிருந்து சுமார் 55 பிக்சல் கீழே தெரியும், அரை மீட்டரில் 111, 2 மீட்டரில் 28. அதாவது 5540ஐ அந்தப் பிக்சல் எண்ணால் வகுத்தால் தூரம் செ.மீ.யில் வந்துவிடும். அவ்வளவுதான்.

இதன் எல்லையையும் இதே கணக்கு காட்டிவிடும். ஒரு பிக்சல் பிசகினால் அரை மீட்டரில் அரை செ.மீ. தவறு, 1 மீட்டரில் சுமார் 2 செ.மீ., 3 மீட்டரில் 16 செ.மீ. தூரம் இரண்டு மடங்கானால் பிழை நான்கு மடங்கு. சுமார் 23 செ.மீ.யை விடக் கிட்டே வந்தால் புள்ளி படத்துக்கு வெளியே போய்விடும், அந்த இடத்துக்கு உங்கள் அல்ட்ராசோனிக்கே இருக்கட்டும், கழற்ற வேண்டாம்.

உங்கள் கேமராவுக்கு 5540 என்பது வேறாக இருக்கும், லேசரும் கச்சிதமாக இணையாக நிற்காது. அதனால் 30, 50, 75, 100, 150 செ.மீ. தூரங்களில் ஒரு அட்டைப்பெட்டியை வைத்து, புள்ளி எந்தப் பிக்சலில் விழுகிறது என்று குறியுங்கள். 1-ஐத் தூரத்தால் வகுத்து, அதைப் பிக்சலுக்கு எதிராக கிராஃப் போட்டால் நேர்கோடு வரும், அந்தக் கோட்டின் சாய்வும் வெட்டும் இடமும்தான் உங்கள் நிரலுக்குத் தேவையான இரண்டு எண்கள்.

நாற்காலிக் காலுக்குப் புள்ளி லேசர் போதாது, படுக்கைக் கோடாக விழும் லேசர் வாங்குங்கள். சுவரில் நேராக ஓடும் கோடு, கால் இருக்கும் இடத்தில் மட்டும் துண்டாகிக் கீழே இறங்கி நிற்கும். எந்தத் துண்டு அதிகம் இறங்கியிருக்கிறதோ அதுதான் மிக அருகில் உள்ள பொருள். ஆனால் கோடு பாயும் உயரத்தில் இருப்பது மட்டும்தான் தெரியும், மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மேஜைப் பலகை தெரியாது. 1997இல் செவ்வாயில் இறங்கிய சோஜர்னர் ஊர்தி, 5 லேசர் கோடுகளையும் கேமராக்களையும் வைத்துத்தான் முன்னால் கிடந்த கற்களைக் கண்டுபிடித்தது. அதன் மூளை வெறும் 2 மெகாஹெர்ட்ஸ் 80சி85 சிப். உங்கள் பை போர்டின் சக்தி அதைவிடப் பல மடங்கு, தயங்க வேண்டியதே இல்லை.

கேள்வி: ராத்திரி நன்றாக வேலை செய்கிறது, பகலில் வராண்டாவில் லேசர் புள்ளி காணாமல் போகிறது. ஓபன்சிவி என்ற படங்களை ஆராயும் மென்பொருளில் சிவப்பு நிறத்தைத் தேடச் சொன்னால் சிவப்பு வாளியைக் காட்டுகிறது. (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: சிவப்பைத் தேடாதீர்கள். லேசர் விழும் இடத்தில் கேமராவின் சென்சார் வெளிச்சத்தால் நிறைந்துபோய் நடுப்பகுதி வெள்ளையாகத்தான் பதிவாகும், ஓரத்தில் மட்டும்தான் சிவப்பு. லேசரை அணைத்து ஒரு படம், எரியவிட்டு ஒரு படம், இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழியுங்கள். வாளி, ஜன்னல் வெளிச்சம் எல்லாம் இரண்டிலும் இருப்பதால் போய்விடும், லேசர் மட்டும் மிஞ்சும். இதற்குக் கேமராவின் ஆட்டோ எக்ஸ்போஷரையும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸையும் கட்டாயம் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு படங்களின் வெளிச்சமும் தானாக மாறிக் கழித்தல் வீணாகும். எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வெளிச்சத்தை வாங்கும் நேரத்தை, நன்றாகக் குறையுங்கள். படம் எடுக்கும் நேரத்தில் ரோபோ நிற்கட்டும். வெப்கேம் பழைய படத்தையே தருவதுண்டு, லேசரை மாற்றியதும் ஓரிரு படங்களைத் தள்ளிவிட்டு அடுத்ததை எடுங்கள். லேசரை நேராக பை போர்டின் ஜிபிஐஓ பின்னில் (சிக்னல் கொடுக்கும் கம்பியில்) மாட்டாமல் நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் போடுங்கள்.

நேர் வெயிலில் இதுவும் தோற்கும். 2010இல் வந்த மைக்ரோசாஃப்டின் கினெக்ட் விளையாட்டுக் கேமராவே அகச்சிவப்புப் புள்ளிகளை வீசித் தூரம் அளந்தாலும் வெயிலில் தடுமாறியது. எவர்சில்வர் குடம், பளபள டைல்ஸ், கண்ணாடிக் கதவு, கறுப்புத் துணி ஆகியவற்றிலும் கோடு சரியாகத் திரும்பி வராது.

கேள்வி: ஐயா, ஒன்பதாவது படிக்கும் என் மகன் இப்படி ஒன்றைச் செய்கிறான். வீட்டில் தவழும் குழந்தையும் இருக்கிறது. கண்ணுக்கு ஆபத்தா? (ஒரு தாய், சேலம்)

பதில்: ஆபத்து உண்டம்மா, நீங்கள் கேட்டது நல்லது. ரோபோவின் லேசர் பாயும் உயரமும் தவழும் குழந்தையின் கண் உயரமும் கிட்டத்தட்ட ஒன்று. கண்ணில் தெரியும் லேசர் 1 மில்லிவாட்டுக்குள் இருந்தால், கால் நொடியில் கண் தானாக மூடிக்கொள்வது காப்பாற்றும் என்பது கணக்கு, ஆனால் குழந்தை ஆர்வத்தில் உற்றுப் பார்க்கும். கடையில் கிடைக்கும் மாட்யூல்களில் பெரும்பாலும் 5 மில்லிவாட் என்றுதான் போட்டிருப்பார்கள், மலிவான சரக்கில் அந்த எண்ணையும் நம்ப முடியாது. பச்சை லேசர் வேண்டவே வேண்டாம், மலிவானவற்றில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் சேர்ந்து கசியலாம், அதற்குக் கண் மூடாது. நிரல் நின்றுபோனால் லேசர் எரிந்தபடியே இருந்துவிடும் என்பதையும் மகனிடம் சொல்லுங்கள்.

குழந்தை வளரும்வரை திறந்த லேசரை விட்டுவிடச் சொல்லுங்கள். விஎல்53எல்0எக்ஸ் என்று ஒரு சின்ன சென்சார் கிடைக்கிறது, ஒளி போய்த் திரும்பும் நேரத்தை வைத்து 2 மீட்டர் வரை அளக்கும். அதிலும் லேசர்தான், ஆனால் கண்ணுக்குப் பாதுகாப்பான முதல் வகுப்பைச் சேர்ந்தது. அவன் கற்றுக்கொள்ள அதிலும் நிறைய இருக்கிறது.

கேள்வி: இவ்வளவு பாடு எதற்கு, லேசரால் சுற்றிலும் தூரம் அளக்கும் லைடார் ஒன்று வாங்கிவிட்டால் போதாதா? (மதுரை வாசகர்)

பதில்: போட்டிக்கு நாள் நெருங்கிவிட்டது என்றால் வாங்குங்கள். கற்றுக்கொள்ள நேரம் இருந்தால் முதலில் வெப்கேமில் செய்து பாருங்கள் என்பேன். ஏனென்றால் பொழுதுபோக்கு ரோபோக்காரர்கள் அதிகம் வாங்கும் ஆர்பிலைடார் ஏ1 உள்ளே செய்வதும் இதே முக்கோணக் கணக்குதான், சுழன்றுகொண்டே செய்கிறது. அதில் தவறான எண் வரும்போது காரணம் உங்களுக்கே புரியும். எதை வாங்கினாலும் முன்பக்கம் மோதினால் அழுந்தும் ஒரு பம்பர் சுவிட்சும் இருக்கட்டும், கண்ணாடிக் கதவை லைடாரும் விட்டுவிடும்.