என் மேசைக்கு வந்த சட்டமுன்வடிவு, எங்கள் வீட்டுப் படகைத் தொடுகிறது

கேள்வி: நான் கோட்டையில், சட்டத்துறையில் உதவிப் பிரிவு அலுவலர். வீடு காசிமேட்டில். மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு ஒரு திருத்த முன்வடிவு என் மேசைக்கு வந்திருக்கிறது. அப்பாவின் விசைப்படகில் என் நகையை அடகு வைத்துப் போட்ட பங்கும் இருக்கிறது. சித்தப்பா படகுச் சங்கத்தில் நிர்வாகி. “எல்லாத்தையும் கேக்கல பாப்பா, அந்த அபராதப் பக்கத்தை மட்டும் ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்புல போடு” என்று தினமும் கேட்கிறார். அனுப்பவில்லை; ஆனால் அபராதம் ஏறப்போகிறது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். முதல் தடவை பிடிபட்டாலே உரிமத்தை ரத்து செய்ய ‘வேண்டும்’ என்கிறது அந்தக் கூறு. ‘ரத்து செய்யலாம்’ என்று மாற்றினால் எத்தனையோ குடும்பம் பிழைக்கும். நான் மாற்றலாமா? இதற்கு நடுவில் ஆளுங்கட்சிப் பிரமுகர் ஒருவர், இந்த முன்வடிவைப் பாராட்டி தெருமுனைக் கூட்டத்தில் பேச உரை எழுதித் தரச் சொல்கிறார். மறுத்தால் இடமாறுதல் வருமோ என்று பயமாக இருக்கிறது. பெயர் வேண்டாம்.

பதில்: அன்புள்ள சகோதரி, நானும் ராயபுரத்தில் வளர்ந்தவன். தடைக்காலம் முடிந்து படகு இறங்கும் நாளில் ஒரு வீட்டின் மொத்த நம்பிக்கையும் அந்தப் பலகையில் ஏறிப் போவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் உங்கள் சங்கடம் எனக்குப் புரிகிறது. சட்டப்படி உங்கள் நிலை எவ்வளவு நெருக்கடியானது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் கடைசியாகப் பார்க்க வேண்டிய கேள்வியை முதலில் கேட்டிருக்கிறீர்கள். சொல்லை மாற்றலாமா என்று யோசிப்பதற்கு முன்னால், அந்தக் கோப்பை நீங்கள் தொடலாமா என்பதே கேள்வி. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 4(3) தெளிவாக இருக்கிறது: ஒரு விஷயத்தில் ஊழியருக்கோ குடும்பத்தாருக்கோ எந்த வகையிலாவது நலன் இருந்தால், அவர் அதைக் கையாளக் கூடாது; மேலதிகாரியிடம் ஒப்படைத்து, அவர் சொல்கிறபடி நடக்க வேண்டும். உங்களைக் கட்டுப்படுத்துவது 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள். அதன் பிரதியைக் கையில் வைத்துப் படியுங்கள். ஆனால் எந்த விதியின் கீழ் பார்த்தாலும் நேர்மையான வழி இதுதான். அப்பா உங்களைச் சார்ந்திருக்கவில்லை, ஆகவே ‘குடும்பம்’ என்ற வரையறைக்குள் அவர் வரமாட்டார் என்று யாராவது ஆறுதல் சொல்லலாம். நகை உங்களுடையது, பங்கு உங்களுடையது என்ற பிறகு அந்த வாதம் நிற்காது.

எனவே நாளைக் காலை, கோப்பைத் திறப்பதற்கு முன், உங்கள் பிரிவு அலுவலர் வழியாகச் சார்புச் செயலாளருக்கு அரைப்பக்கக் குறிப்பு எழுதுங்கள். இன்ன முன்வடிவு என்னிடம் தரப்பட்டுள்ளது; அது ஒழுங்குபடுத்தும் தொழிலில் என் தந்தைக்குப் படகும் எனக்குப் பங்கும் உள்ளன; நெருங்கிய உறவினர் படகு உரிமையாளர் சங்க நிர்வாகி; தக்க உத்தரவு வேண்டுகிறேன். இவ்வளவு போதும். காரணம் விளக்க வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். கோப்பை வேறொருவரிடம் மாற்றினால் அன்றோடு அதைப் பற்றி வாய் திறக்காதீர்கள், கேன்டீனில்கூட. ‘பரவாயில்லை, நீங்களே பாருங்கள்’ என்றால் அந்த உத்தரவு எழுத்தில் கோப்பில் ஏற வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். முன் அனுமதி இல்லாமல் தொழிலிலோ வியாபாரத்திலோ ஈடுபட அரசு ஊழியருக்கு அனுமதி கிடையாது. அப்பாவுக்குக் கடனாகக் கொடுத்த பணமா, லாபத்தில் பங்குள்ள முதலீடா என்பதைப் பொறுத்து உங்கள் நிலை மாறும். ஏலப் பணத்தில் மாதாமாதம் உங்கள் கைக்கு ஒரு பங்கு வருகிறதென்றால், அது தனிப் பிரச்சினை. அடகுச் சீட்டு, வங்கிக் கணக்கு, படகுப் பதிவு ஆவணம் மூன்றையும் எடுத்துக்கொண்டு பணி விதிகள் தெரிந்த ஒரு வழக்கறிஞரை இந்த வாரமே பாருங்கள்.

இப்போது அந்தச் சொல்லுக்கு வருவோம். இதைப் பற்றி மேலோட்டமாகப் பேச எனக்கு மனமில்லை, ஏனென்றால் ஒரு சொல்லுக்காக நீதிமன்றத்தில் மணிக்கணக்கில் நின்றவன் நான். ‘செய்ய வேண்டும்’ என்பது அதிகாரியின் கையைக் கட்டுகிறது. ‘செய்யலாம்’ என்பது அவிழ்த்துவிடுகிறது. ஆங்கில வரைவில் ‘ஷேல்’, ‘மே’. சட்டத்தின் நோக்கத்தைப் பார்த்து ‘மே’ என்பதையே ‘ஷேல்’ என்று நீதிமன்றங்கள் படித்த வழக்குகள் எத்தனையோ உண்டு. அவ்வளவு கனமான சொல்லை, யாருக்கும் தெரியாமல் நீங்கள் மாற்றினால் என்ன ஆகும்? அமைச்சரவை ஒப்புக்கொண்ட கொள்கை ஒன்று, பேரவையில் வாக்கெடுப்புக்குப் போகும் வாசகம் வேறொன்று. உங்கள் மனசாட்சி சுத்தமாக இருக்கலாம். ஆனால் அதே வேலையை நாளை வேறொருவர், வேறொரு முதலாளிக்காகச் செய்வார். அப்போது உங்கள் அப்பாவின் படகுக்கு எதிராக அந்தச் சொல் திரும்பும். மாற்றக் கூடாது.

மாற்றக் கூடாது என்றால் வாயை மூடிக்கொண்டு தட்டச்சு செய்ய வேண்டும் என்று பொருள் இல்லை. வரைவாளருக்குப் பேச ஓர் இடம் இருக்கிறது: கோப்புக் குறிப்பு. தொடர்ந்து பார்க்கும்படி எழுத்தில் உத்தரவு வந்தால், அங்கே தயங்காமல் எழுதுங்கள். விளக்கம் கேட்காமல் முதல் தவறுக்கே உரிமத்தை ரத்து செய்வது இயற்கை நீதிக்கு முரணாகலாம், சமத்துவத்தை உறுதிசெய்யும் அரசமைப்பின் 14-ஆம் பிரிவில் அடிபடலாம். 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தில் ஏற்கெனவே உள்ள தண்டனை முறையோடு இது பொருந்துகிறதா என்று கேளுங்கள். இன்னொன்றையும் அவசியம் பாருங்கள்: மீன்வளம் மாநிலப் பட்டியலில் 21-ஆவது பதிவு, ஆனால் ஆட்சிக்கடலுக்கு, அதாவது 12 கடல் மைலுக்கு அப்பால் மீன்பிடித்தல் ஒன்றியப் பட்டியலில் 57-ஆவது பதிவு. கூறின் வாசகம் அந்தக் கோட்டைத் தாண்டினால் முன்வடிவே கேள்விக்குள்ளாகும். சுருக்குமடி வலைக்கான தடை விவகாரம் உச்ச நீதிமன்றம்வரை போய், 2023 ஜனவரியில் அந்தக் கோட்டுக்கு அப்பால் வாரம் இரண்டு நாள் மட்டும் அந்த வலையால் மீன்பிடிக்கலாம் என்று இடைக்கால உத்தரவு வந்தது உங்கள் தெருவுக்கே தெரியும். குறிப்பின் கீழே மாற்று வாசகத்தையும் எழுதி வையுங்கள்: ‘வாய்ப்பளித்த பின் ரத்து செய்யலாம்’. மேலே உள்ளவர்கள் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். ஏற்காவிட்டால், அவர்கள் சொன்னதையே பிசிறில்லாமல் வரைந்து கொடுப்பது உங்கள் கடமை. கொடூரமாக இருக்கிறது என்பது வரைய மறுப்பதற்கான காரணம் ஆகாது.

இதற்கு முன்மாதிரி வெளிநாட்டில்தான் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். 1949 நவம்பர் 25 அன்று அரசமைப்பு நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், தனக்குச் சூட்டிய புகழில் ஒரு பகுதி சபையின் அரசமைப்பு ஆலோசகர் பி.என்.ராவுக்கும், முதன்மை வரைவாளர் எஸ்.என்.முகர்ஜிக்கும் உரியது என்றார். ராவ் அந்தச் சபையின் உறுப்பினர்கூட இல்லை. அவருக்கென்று அழுத்தமான கருத்துகள் இருந்தன; குறிப்புகளில் வாதாடினார்; முடிவைச் சபையிடம் விட்டார்.

சித்தப்பா விஷயம். அவரிடம் கோபப்படாதீர்கள், அவர் தன் தொழிலுக்காகக் கேட்கிறார். ஆனால் அந்தப் போட்டோவை அனுப்பக் கூடாது, முழுப் பக்கமும் சரி, பாதிப் பக்கமும் சரி. அனுமதியின்றி அலுவல் ஆவணத்தை வெளியே தருவதை நடத்தை விதிகள் தடுக்கின்றன. 1923-ஆம் ஆண்டின் அலுவல் இரகசியச் சட்டம் 5-ஆம் பிரிவையும் சிலர் இழுப்பார்கள். ‘நான் சட்டம் படித்தவள், வழக்கறிஞருக்குரிய பாதுகாப்பு உண்டு’ என்றும் எண்ண வேண்டாம். முழுநேர அரசுச் சம்பளத்தில் இருக்கும்வரை நீங்கள் தொழில் நடத்தும் வழக்கறிஞர் கிடையாது.

அவருக்கு நேர்வழிகள் இருக்கின்றன. சங்கத்தின் பெயரில் மீன்வளத் துறைக்கும் தொகுதி சட்டமன்ற உறுப்பினருக்கும் மனு கொடுக்கலாம். முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போது அது தொடர்பான விவரங்களை அரசு வெளியிட வேண்டும் என்கிறது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(சி). அதைச் சுட்டிக் கேட்கலாம். அமைச்சரவைத் தாள்களுக்கு 8(1)(ஐ)-யில் விலக்கு இருப்பதால் வரைவு உடனே கிடைக்காது. முடிவு எடுத்து விஷயம் நிறைவடைந்த பிறகு அந்த விலக்கு தளரும். முன்வடிவு பேரவையில் அறிமுகமாகி அச்சானதும் அது ஊருக்கே பொது. அன்று அச்சுப் பிரதியைச் சித்தப்பா கையில் நீங்களே கொடுக்கலாம். மக்கள் எதிர்ப்பால் முன்வடிவு நின்றதும் உண்டு: 12 மணி நேர வேலைக்கு வழிசெய்த தொழிற்சாலைகள் திருத்த முன்வடிவு 2023 ஏப்ரலில் பேரவையில் நிறைவேறி, தொழிற்சங்கங்கள் எதிர்த்ததும் மே மாதத்துக்குள் கைவிடப்பட்டது. நிறைவேறிய பிறகே அப்படி என்றால், சங்கத்தின் குரலுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

கூட்ட உரைக்கு ஒரே பதில்: எழுதித் தராதீர்கள். அமெரிக்காவின் பல மாநிலங்களில் சட்டமன்றமே வரைவாளர்களை வைத்திருக்கிறது. அவர்கள் இரு கட்சி உறுப்பினர்களுக்கும் ஒரே அக்கறையோடு எழுதித் தருவார்கள். நம் சட்டத்துறை அரசுக்காக எழுதுகிறது. ஆகவே உங்கள் நடுநிலை என்பது அரசையும் ஆளுங்கட்சியையும் பிரித்துப் பார்ப்பது. பேரவையில் அமைச்சர் பதிலளிக்கக் கூறுவாரியாகக் குறிப்பு கேட்டால், அது உங்கள் வேலை. தெருமுனைக் கூட்டத்துக்கு உரை என்றால் அது கட்சி வேலை, நடத்தை விதிகளுக்கு விரோதம். அந்தப் பிரமுகரிடம் பணிவாகச் சொல்லுங்கள்: “ஐயா, முன்வடிவு அச்சானதும் அதிலேயே நோக்க காரண விளக்கவுரை இருக்கும், அதை வைத்துப் பேசலாம். வேறு எதுவானாலும் துறை வழியா எழுத்துல வரட்டும்.” முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர்.சுப்பிரமணியன் தொடுத்த வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: அதிகாரிகள் வாய்மொழி உத்தரவின் பேரில் இயங்கக் கூடாது, அதைப் பதிவு செய்ய வேண்டும். எழுத்தில் கேட்கத் துணியாத காரியத்தைப் பெரும்பாலானவர்கள் அதோடு விட்டுவிடுவார்கள். இடமாறுதல் வரவே வராது என்று நான் உறுதி தர முடியாது. பழிவாங்கும் நோக்கில் வந்தால் உயர் நீதிமன்றத்தில் அரசமைப்பின் 226-ஆம் பிரிவில் கேட்கலாம். அன்று தேதியோடு நீங்கள் எழுதி வைத்த குறிப்புகள்தான் உங்களுக்குச் சாட்சி.

கடைசியாக, வாய்தவறிச் சொன்னது. அது நடந்துவிட்டது. அதை மறைக்க வாட்ஸ்அப் உரையாடல்களை அழிக்காதீர்கள். அழித்தால் இல்லாத குற்றமும் இருப்பதுபோல் ஆகும். சித்தப்பா கேட்டதும் நீங்கள் அனுப்ப மறுத்ததும் அதே போனில் இருக்கிறது, அது உங்களுக்கு நல்லது. உறவினர் விவரம் கேட்டு வருகிறார் என்பதை நாளைய குறிப்பிலேயே சேருங்கள். நீங்கள் சொன்னதை எந்த வாசகத்தில் சேர்ப்பது என்பதை மட்டும் வழக்கறிஞரிடம் நேரில் பேசி முடிவெடுங்கள். நாளை தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு, மேல்முறையீடு) விதிகளின் 17(பி)-யின் கீழ் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தால் பதற்றத்தில் அன்றே பதில் எழுத வேண்டாம். ஆவண நகல்களைக் கேட்டு வாங்குங்கள், கொடுத்த அவகாசம் போதாவிட்டால் கூடுதல் அவகாசம் எழுத்தில் கேளுங்கள், பதிலில் நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள்.