காலிமனை வாடகையும் நிற்கும் ரீஃபண்டும்

வணக்கம். லாரி நிறுத்தத்துக்கு விட்ட காலிமனையின் வாடகையை வீட்டுச் சொத்து வருமானமாகக் காட்டி, அதற்கான 30 விழுக்காடு நிலையான கழிவை எடுத்து, ஜூலையிலேயே வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தும், கூடுதலாகக் கட்டிய வரியின் ரீஃபண்டு வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். முதலில் கவனிக்க வேண்டியது அந்தக் கழிவைத்தான். கட்டடத்தைச் சாராத வெறும் நிலத்தின் வாடகை, வருமான வரிச் சட்டப்படி ‘இதர வருமானம்’ என்ற தலைப்பில் வருவதால், அந்த 30 விழுக்காடு அதற்குக் கிடையாது. வாடகை ஈட்டுவதற்காகவே செய்த காவல், வேலிப் பராமரிப்பு போன்ற செலவுகளை மட்டும் ரசீதுடன் கழிக்கலாம். ஆகவே தாமதத்தைப் பற்றிப் புகார் எழுதுவதற்கு முன், கால வரம்புக்குள் திருத்திய கணக்கைத் தாக்கல் செய்துவிடுங்கள். துறையே கண்டுபிடித்துக் கேட்டால் வட்டியும் அபராதமும் சேரக்கூடும் என்பதே என் கவலை.

வாடகைதாரர் பிடித்த 10 விழுக்காடு டிடிஎஸ் (வாடகை தரும்போதே பிடிக்கும் வரி), உங்கள் பெயரில் பிடித்த வரிகளைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்-இல் உங்கள் பான் எண்ணில் பதிவாகியுள்ளதா, வங்கிக் கணக்கு இணையதளத்தில் சரிபார்க்கப்பட்டுள்ளதா, பழைய நிலுவைக்கு ரீஃபண்டை ஈடுகட்டுவதாக அறிவிப்பு ஏதும் வந்துள்ளதா என்பவற்றையும் பாருங்கள். உரிய தேதிக்குள் தாக்கல் செய்தவருக்கு, மதிப்பீட்டு ஆண்டின் (வருமானம் ஈட்டிய நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) ஏப்ரல் 1 முதல் ரீஃபண்டு தொகைக்கு மாதத்துக்கு அரை விழுக்காடு வட்டி உண்டு. ஆனால் ரீஃபண்டு, செலுத்த வேண்டிய வரியில் 10 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால் அந்த வட்டி கிடைக்காது. கிடைக்கும் வட்டியும் வரிக்கு உட்பட்டதே.