மாடி போர்ஷன் அக்காவைக் காலி செய்யச் சொல்லலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் எங்களுக்குச் சொந்த வீடு. மாடி போர்ஷனில் நான்கு வருடமாக ஓர் அக்கா குடியிருக்கிறார். கணவர் விட்டுவிட்டுப் போய்விட்டார். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். வாடகை தேதி தவறியதில்லை. போன மாதம் ஏதோ லாட்ஜில் போலீஸ் ரெய்டு நடந்த வீடியோ தெருவில் எல்லோர் போனிலும் சுற்றியது. அதில் இந்த அக்கா முகம். கேட்டேன். மறைக்கவில்லை. "இங்க யாரையும் கூட்டிட்டு வந்ததில்லம்மா, வரவும் மாட்டேன்" என்றார். உடனே காலி செய்யச் சொல்லும்படி தெருவில் நாலு பேர் நெருக்குகிறார்கள். சட்டக் கல்லூரியில் படிக்கும் என் மகன், "அது அவங்க இஷ்டம், வெளிநாட்டுல எல்லாம் லீகல்" என்கிறான். இதைச் சட்டமாக்கினால் நாளைக்கு நம் வீட்டுப் பெண்களும் கெட்டுப்போவார்கள் என்கிறாள் நாத்தனார். யார் சொல்வது சரி? என் மேல் கேஸ் வருமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன் சகோதரி. உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று நினைக்கிறேன்.

1956-இல் வந்து 1986-இல் திருத்தப்பட்ட விபசாரத் தடுப்புச் சட்டத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வயது வந்த ஒரு பெண் தானாக விரும்பிப் பணத்துக்கு உறவு கொள்வதை அது தனியாக ஒரு குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் அவளைச் சுற்றியிருக்கும் ஏறக்குறைய எல்லாமே குற்றம். விபசார விடுதி நடத்துவது, ஆள் பிடித்துத் தருவது, பொது இடத்தில் நின்று அழைப்பது எல்லாம் அந்தக் கணக்கில் வரும். விடுதி நடத்தத்தான் என்று தெரிந்தே வீட்டை வாடகைக்கு விட்டால் வீட்டுக்காரருக்கு 2 ஆண்டு வரை சிறை. உங்கள் மாடி அதில் வராது. அவர் அங்கே சமைக்கிறார், தூங்குகிறார், மகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார். ஒரு பெண் குடியிருக்கிறார் என்பதற்காக வீடு விடுதியாகிவிடாது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா? தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி அது இருந்தே ஆகவேண்டும். இல்லையென்றால் இந்த வாரமே எழுதிப் பதிந்துவிடுங்கள்.

பல வீட்டுக்காரர்களின் பயம் இந்த இரண்டாண்டு சிறைதான். பெண்ணைத் தண்டிக்காத சட்டம் அவளுக்கு வீடு கொடுப்பவரை மிரட்டி வைத்திருக்கிறது. அப்புறம் அவள் எங்கே போவாள்? இரண்டு மடங்கு வாடகை வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்ளும் ஆளிடம்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. கோயில், மசூதி, சர்ச், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி இவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் இந்தத் தொழில் நடந்தால் அந்தப் பெண்ணுக்கும் கூட இருப்பவருக்கும் 3 மாதம் வரை சிறை. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை நடந்து பார்த்து, இது எதுவும் இல்லாத 200 மீட்டர் கண்ணில் பட்டால் எனக்கும் சொல்லுங்கள்.

உங்கள் மகனுக்கு ஒரு வீட்டுப்பாடம்: அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவைப் படிக்கச் சொல்லுங்கள். இந்தத் தொழிலில் இன்னொருவர் சம்பாதிக்கும் பணத்தில் தெரிந்தே வாழும் 18 வயது தாண்டிய யாருக்கும் 2 ஆண்டு வரை சிறை. பெண்களை வைத்துப் பிழைக்கும் தரகர்களுக்காக எழுதிய பிரிவுதான், சரி. ஆனால் மாடி அக்காவின் மகள் 18 முடிந்தபின் அம்மா கட்டும் ஃபீஸில் கல்லூரிக்குப் போனால், எழுதியிருக்கும் எழுத்துப்படி அவளும் அதில் மாட்டலாம். சட்டத்தை மாற்ற வேண்டும் என்று நான் சொல்வது முதலில் இந்த இடத்தில்தான்.

"வெளிநாட்டுல லீகல்" என்பதற்கு வருவோம். எல்லா நாட்டிலும் ஒரே கதை இல்லை தம்பி. ஸ்வீடன் 1999-இல் விற்பவளை விட்டுவிட்டு வாங்குபவனைக் குற்றவாளியாக்கியது. ஜெர்மனி 2002-இல் அதைத் தொழிலாக ஏற்றுக்கொண்டது, 2017-இல் பெண்கள் பெயரைப் பதிய வேண்டும் என்றும் சட்டம் போட்டது. நியூஸிலாந்து 2003-இல் குற்றம் என்பதையே எடுத்துவிட்டது. தனியாகச் செய்யும் பெண்ணுக்கு அங்கே லைசென்ஸ் தேவையில்லை. நான் நியூஸிலாந்துப் பக்கம். லைசென்ஸ், பதிவேடு என்றெல்லாம் போனால் நம் ஊரில் யார் வந்து பெயர் கொடுப்பார்கள்? ஒரு வீடியோவுக்கே வீடு போகிற தெருவில், அரசாங்க ஏட்டில் யாராவது கையெழுத்துப் போடுவாளா? பெயர் கொடுக்காதவள் மறுபடி குற்றவாளி, மறுபடி மாமூல்.

லைசென்ஸ் இருந்தால் நோய் பரவாதே என்பார்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986-இல் நம் சென்னையில்தான் தெரியவந்தது. இந்தத் தொழிலில் இருந்து பிடிபட்டு அரசுக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பெண்களின் ரத்தத்தில். அவர்களுக்கு அதைக் கொடுத்தது யார் என்று கேட்டவர்கள் குறைவு. பிற்பாடு தெருத்தெருவாக ஆணுறையும் விவரமும் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் அதே தொழிலில் இருந்த பெண்கள் நிறையப் பேர். பயந்து ஒளிந்திருப்பவளால் அந்த வேலையைச் செய்ய முடியாது.

"இஷ்டம்" என்ற வார்த்தையில்தான் உங்கள் மகனோடு எனக்குச் சண்டை. தண்டல்காரர் சாயங்காலம் வாசலில் நிற்கிறார். காசிமேட்டில் இறால் உரித்தால் கை வெந்துபோகும், கூலி அன்றைய வரத்தைப் பொறுத்தது. ஹவுஸ்கீப்பிங் கான்ட்ராக்டர் சம்பளத்தை இழுத்தடிக்கிறார். இவ்வளவையும் எடைபோட்டு ஒருத்தி லாட்ஜுக்குப் போகிறாள் என்றால் அது முழு இஷ்டமும் இல்லை, முழுக் கட்டாயமும் இல்லை. அவளுடைய கணக்கு அது. அதை அவள் போட்டிருக்கிறாள், நாம் திருத்த வேண்டாம். நாத்தனாருக்கும் அதே பதில்தான். சட்டம் அனுமதி கொடுத்துவிட்டது என்று யாரும் இந்தத் தொழிலுக்கு வருவதில்லை. கடன் முதலில் வரும். 18 வயதுக்குக் கீழே உள்ள பெண் என்றால் மட்டும் இஷ்டம் என்ற பேச்சே கிடையாது. அது குழந்தைக் கொடுமை, உடனே குழந்தைகள் உதவி எண் 1098.

அந்த வீடியோவைப் பற்றி எனக்குக் கோபம் இருக்கிறது. "அழகிகள் மீட்பு" என்று எழுதுவோம், மீட்கப்பட்டவளின் முகத்தையும் காட்டுவோம். இப்படி 'மீட்கப்படும்' பெண்ணை மாஜிஸ்திரேட் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை காப்பகத்தில் வைக்க உத்தரவிடலாம். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம், ரெய்டின்போது பாலியல் தொழிலாளிகளின் அடையாளம் வெளியே தெரியக்கூடாது, அவர்களையும் பிள்ளைகளையும் மரியாதையோடு நடத்த வேண்டும் என்று சொன்னது. வீடியோவை அனுப்பியவர்களிடம் அழித்துவிடச் சொல்லுங்கள். காலி செய்யச் சொல்பவர்களிடம், வாடகை வாங்குவது நான், பேசிக்கொள்கிறேன் என்று முடித்துவிடுங்கள்.

மகள் இல்லாத நேரமாகப் பார்த்து அந்த அக்காவிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: யாராவது மிரட்டுகிறார்களா, சம்பாதிப்பதை யாராவது பிடுங்குகிறார்களா? ஆமாம் என்றால் பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசலாம். வழக்கறிஞர் வேண்டுமென்றால் 15100. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, பாரிமுனையில் உயர் நீதிமன்ற வளாகத்துக்கே நேரில் போகலாம். இல்லை என்றால் விட்டுவிடுங்கள், மேலே தோண்ட வேண்டாம்.

மார்ச்சில் மாடிப் பெண்ணுக்குப் பொதுத்தேர்வு. அது முடியும்வரை படிக்கட்டில் நின்று யாரும் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.