முதலில் ஆச்சி வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள்

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் வெள்ளிக்கிழமை இரவு 7 மணிக்குப் பத்துப் பேர் கூடி வேதபாடம் நடத்துகிறோம். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), ரோமன் கத்தோலிக்கர் என்று குழந்தைக்கே ஞானஸ்நானம் கொடுக்கிற சபையாரும், பெந்தெகொஸ்தே, பிரதரன் என்று விசுவாசித்தவர்களுக்கு மட்டும் தண்ணீரில் முழுக்குக் கொடுக்கிற சபையாரும் உண்டு. நடத்துகிற பொறுப்பு என்னிடம். புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலர் நடபடிகள், வாரத்துக்கு ஒரு அதிகாரம். 8ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய மந்திரி ஞானஸ்நானம் பெறுகிற இடம் வந்ததும் ஒரு அண்ணன், "குழந்தைக்குத் தெளிக்கிறதெல்லாம் ஞானஸ்நானமே இல்லை, அதோடு நிறுத்திக்கொண்டவர்கள் கீழ்ப்படியாதவர்கள்தான்" என்று சொல்லிவிட்டார். போன வருடம் கணவரை இழந்த ஆச்சி ஒருவர், "அப்போ எங்க வீட்டுக்காரர்?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அதன் பிறகு இரண்டு வாரமாக ஆச்சி வரவில்லை. இனிமேல் இந்த மாதிரி விஷயங்களைப் பேசக்கூடாது என்று சட்டம் போட்டுவிடட்டுமா? இல்லை, எது சரி என்று நானே சொல்லிவிடலாமா?
– பெயர் வேண்டாம், சென்னை

பதில்: அன்புச் சகோதரி, இரண்டுமே வேண்டாம். அதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இந்த வாரத்திலேயே, வெள்ளிக்கிழமை வருவதற்குள், ஆச்சி வீட்டுக்குப் போங்கள். தனியாகப் போங்கள். ஞானஸ்நானத்தைப் பற்றி எதையும் விளக்க வேண்டாம், அந்த அண்ணனுக்காக மன்னிப்பும் கேட்க வேண்டாம். அவருடைய வீட்டுக்காரரைப் பற்றிக் கேளுங்கள். எந்த ஊர், எந்தக் கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்தார்கள், வளர்ந்த பிறகு தன் விசுவாசத்தை உறுதிசெய்கிற திடப்படுத்தல் எப்போது, கடைசி நாட்களில் என்ன ஜெபம் பண்ணினார் என்று கேளுங்கள். அன்றைக்கு அந்த அறையில் ஆச்சி கேட்டது உபதேசக் கேள்வி இல்லை, தன் புருஷன் எங்கே இருக்கிறார் என்றுதான் கேட்டார். ஒன்பது பேர் வேதப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தீர்கள். அந்த மௌனம்தான் அவரை வீட்டில் உட்கார வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன், அண்ணன் பேசியதை விடவும்.

கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், நானும் இதே தவறைச் செய்தவள்தான். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு வீட்டுக் கூட்டத்தில் 1 கொரிந்தியர் 14 எடுத்தோம். அந்நிய பாஷை, அதாவது பரிசுத்த ஆவியால் அறியாத பாஷையில் பேசுவது பற்றி ஒருவர் கேட்டார், நான் இருபது நிமிடம் நிறுத்தாமல் பதில் சொன்னேன், யாரும் மறுத்துப் பேசவில்லை, விஷயம் தீர்ந்தது என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். அடுத்த மாதத்துக்குள் இரண்டு குடும்பம் நின்றுவிட்டது. நான் சொன்னது தவறு என்று இன்றைக்கும் நினைக்கவில்லை. ஆனால் நடத்துகிறவளே தீர்ப்பும் சொல்லிவிட்டால், வேறு விதமாக நம்புகிறவர்களுக்கு அந்த வீட்டில் உட்கார இடம் எங்கே இருக்கிறது? அதனால்தான் எது சரி என்று நீங்களே அறிவிக்க வேண்டாம் என்கிறேன். உங்கள் நம்பிக்கையை மறைக்கச் சொல்லவில்லை. யாராவது கேட்டால் கடைசியில், ஒரே ஒரு தடவை, "நான் இப்படி நம்புகிறேன்" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

சரி, சட்டம் ஏன் வேண்டாம்? ஞானஸ்நானம் பேசக்கூடாது, அந்நிய பாஷை பேசக்கூடாது, ஓய்வுநாள் பேசக்கூடாது என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டால் நடபடிகளில் பாதியைப் பேசாமல் தாண்டிப் போக வேண்டியிருக்கும். அப்புறம் எல்லாரும் தலையாட்டிவிட்டு டீ குடித்துக் கலைய வேண்டியதுதான். அதற்கு வேதபாடம் எதற்கு?

அதே 8ஆம் அதிகாரத்தை இன்னொரு தடவை நிதானமாகப் படித்துப் பாருங்கள். மந்திரி ரதத்தில் உட்கார்ந்து ஏசாயா தீர்க்கதரிசியின் புத்தகத்தை வாசித்துக்கொண்டு வருகிறார். சுவிசேஷகரான பிலிப்பு ஓடிப்போய், "நீர் வாசிக்கிறவைகளின் கருத்து உமக்குத் தெரியுமா" என்று கேட்கிறார். "ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் அது எனக்கு எப்படித் தெரியும்" என்று மந்திரி சொல்லி, ஏறி வந்து தன்னோடே உட்காரும்படி வேண்டிக்கொள்கிறார். பிலிப்பு ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையில் இருந்த அந்த வேதவாக்கியத்திலிருந்தே தொடங்குகிறார். நீங்கள் செய்ய வேண்டியதும் அதுதான்: பக்கத்தில் உட்காருவது, கையில் திறந்திருக்கிற பக்கத்திலிருந்து தொடங்குவது.

யாராவது ஒரு கருத்தைச் சொன்னதும், "எந்த வசனம்? வாசியுங்கள்" என்று கேளுங்கள். சண்டை தொனியில் கேட்காமல் தேடுகிற தொனியில் கேளுங்கள். அண்ணனையே 38ஆம் வசனத்தை வாசிக்கச் சொல்லுங்கள்: "பிலிப்பும் மந்திரியும் ஆகிய இருவரும் தண்ணீரில் இறங்கினார்கள்." இறங்கினார்கள் என்பதால் முழுக்குத்தான் என்பார் அவர். சி.எஸ்.ஐ.க்காரர் ஒருவர், "இருவரும் என்று இருக்கிறதே, பிலிப்புமா முழுகினார்?" என்று கேட்பார். கேட்கட்டும். அதற்குள் யாராவது 37ஆம் வசனத்தை எடுப்பார்கள், முழு இருதயத்தோடும் விசுவாசித்தால் தடையில்லை என்பது. அந்த வசனம் நம் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறது, புதிய மொழிபெயர்ப்புகள் பலவற்றில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் அல்லது அடிக்குறிப்புக்குப் போயிருக்கும், ஏனென்றால் மிகப் பழைய கிரேக்கக் கைப்பிரதிகளில் அது இல்லை. இதை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், நடுவில் தெரியவந்தால் "உங்கள் பைபிளில் வெட்டிவிட்டார்கள்" என்று இன்னொரு சண்டை வரும்.

கூட்டத்தில் கத்தோலிக்கர் இருக்கிறார்களே, அவர்களுடைய திருவிவிலியத்தையும் ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். தலையில் தண்ணீர் ஊற்றுகிற அவர்கள் அதைத் 'திருமுழுக்கு' என்கிறார்கள். முழுக்கு கொடுக்கிற பெந்தெகொஸ்தே சபையாரோ 'ஞானஸ்நானம்' என்கிறார்கள். அண்ணன் "நான் ஞானஸ்நானம் எடுத்தேன்" என்பார், ஆச்சி "எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள்" என்பார். எடுத்தது, கொடுத்தது என்ற இந்த ஒரு சொல்லிலேயே இரண்டு சபைகளின் நம்பிக்கையும் இருக்கிறது. ஒரு பக்கம் மனிதன் சொல்கிற 'ஆமென்' முன்னால் நிற்கிறது, மறுபக்கம் கேட்பதற்கு முன்பே கிடைத்த கிருபை. இதை அவரவர் வாயால் சொல்லக் கேட்டால், எதிரில் இருப்பவர் பிடிவாதக்காரர் என்ற எண்ணம் கொஞ்சம் இளகும்.

கருத்து எவ்வளவு வேறுபட்டாலும் பரவாயில்லை, ஒரே ஒரு எல்லை மட்டும் வையுங்கள். அந்த அறையில் இருக்கிறவர், அல்லது அவருடைய செத்துப்போன உறவு, இரட்சிக்கப்பட்டாரா இல்லையா என்று யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. "எங்கள் சபையில் இப்படிப் போதிக்கிறோம், இந்த வசனத்தை வைத்து" என்று எவ்வளவு உறுதியாக வேண்டுமானாலும் பேசலாம். "நீங்கள் கீழ்ப்படியாதவர்" என்று ஆரம்பித்தால் அந்த நொடியே நிறுத்துங்கள், சத்தம் போடாமல், ஆனால் நிறுத்துங்கள். ரோமர் 14இல் பவுல், நாட்களை விசேஷமாக எண்ணுகிறவனையும் எண்ணாதவனையும் ஒரே சபையில் வைத்துக்கொண்டு, "அவனவன் தன்தன் மனதிலே முழு நிச்சயத்தை உடையவனாயிருக்கக்கடவன்" என்கிறார். நிச்சயத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லவே இல்லை.

இது நடக்கக்கூடியதுதானா என்று உங்களுக்குத் தோன்றலாம். 1970இல் வட இந்தியத் திருச்சபை உருவானபோது பாப்டிஸ்டுகளும் 'சர்ச் ஆஃப் தி பிரதரன்' சபையாரும் குழந்தை ஞானஸ்நானம் கொடுக்கிற சபையாரும் ஒரே திருச்சபையாகச் சேர்ந்தார்கள், இரண்டு முறைகளையும் ஏற்றுக்கொண்டார்கள். ஒரே திருச்சபையாகவே இருக்க முடிகிறது என்றால் பத்துப் பேர் ஒரு வரவேற்பறையில் உட்காரலாம்.

அந்த அண்ணனிடமும் பேச வேண்டும், ஆனால் எல்லார் முன்னாலும் வேண்டாம். நடபடிகள் 18இல் அப்பொல்லோ என்ற போதகர் பேசியதில் குறை தெரிந்தபோது ஆக்கில்லாவும் அவர் மனைவி பிரிஸ்கில்லாளும் அவரைச் சேர்த்துக்கொண்டு அதிக திட்டமாய் விவரித்தார்கள் என்று இருக்கிறது, சபை நடுவில் எழுந்து நின்று திருத்தவில்லை. நீங்களும் அவரை ஒரு நாள் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள். "அண்ணே, ஆச்சி கேட்டதற்கு நாம் யாருமே பதில் சொல்லவில்லையே" என்று மட்டும் சொல்லுங்கள். அவர் கெட்ட மனிதராக இருக்க மாட்டார், வசனத்தின் மேல் வைராக்கியம் உள்ள ஆட்கள் பெரும்பாலும் இளகின மனசுக்காரர்கள். அவராகவே ஆச்சியைப் பார்க்கப் போக வாய்ப்பு உண்டு.

இன்னும் ஐந்தாறு வாரத்தில் 16ஆம் அதிகாரம் வந்துவிடும். லீதியாளும் அவள் வீட்டாரும், சிறைச்சாலைக்காரனும் அவனுடையவர்கள் அனைவரும் ஞானஸ்நானம் பெறுகிறார்கள். அந்த வீடுகளில் கைக்குழந்தை இருந்ததா என்று வசனம் சொல்லவில்லை, அண்ணனும் சி.எஸ்.ஐ.க்காரரும் மறுபடியும் மோதத்தான் போகிறார்கள். அன்றைக்கு அந்த வசனத்தை வாசிக்கிற முறையை ஆச்சிக்குக் கொடுங்கள்.