லண்டன் ஆஃப்-லைசென்ஸ் கடையில் வேலைக்கு நிற்க மது விற்பனைப் பயிற்சி எடுக்கத்தான் வேண்டுமா?

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் படிக்க வந்த இடத்தில், தெரிந்தவர் ஒருவருடைய ஆஃப்-லைசென்ஸில், அதாவது மதுவை வாங்கிக்கொண்டு போக மட்டும் விற்கிற கடையில், பின்னேர வேலை கிடைத்திருக்கிறது. முதலாளியும் "கோர்ஸ் எல்லாம் வீண் செலவு, அரை மணித்தியாலத்தில் நானே காட்டித் தாறன்" என்று சொல்லியிருப்பார். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள், அதனால்தான் இந்தக் கேள்வியைக் கண்டதும் கை சும்மா இருக்கவில்லை.

சட்டத்தை மட்டும் பார்த்தால் அவர் சொல்வது முழுப் பொய் இல்லை. இங்கிலாந்தில் டில்லில், அதாவது காசு வாங்கும் இடத்தில், நிற்கிற ஒவ்வொருவரும் பயிற்சி எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் கிடையாது. பெர்சனல் லைசென்ஸ் (மது விற்க ஒரு ஆளின் பெயரில் கொடுக்கிற அனுமதி) உள்ள ஒருவர் கடைக்குப் பொறுப்பாக இருக்க வேண்டும், அவர் அனுமதியோடு மற்றவர்கள் விற்கலாம். 40 கேள்வியில் 28 சரியாக வந்தால் பாஸ் என்று சொல்கிற பரீட்சை அந்த லைசென்ஸுக்குத்தான். ஸ்காட்லாந்து என்றால் கதை வேறு, அங்கே 2 மணித்தியாலப் பயிற்சியாவது இல்லாமல் ஆளை நிறுத்த முடியாது. ஆனால் இங்கேயும் பல கடைகளுக்கு, கடைக்கென்று தனியாகக் கொடுக்கிற லைசென்ஸின் நிபந்தனையிலேயே ஊழியர் பயிற்சியும் அதற்கான பதிவும் வேண்டும் என்று போட்டிருக்கும். சுவரில் மாட்டியிருப்பது சுருக்கம்தான், நிபந்தனைகள் முழு லைசென்ஸில்தான் இருக்கும். அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

முதலாளி சொல்லாமல் விடுகிற விஷயம் ஒன்று உண்டு. 18 வயதாகாத பொடியனுக்கு நீங்கள் ஒரு சைடர் (ஆப்பிள் மது) கேனை விற்றால் மாட்டுவது முதலில் நீங்கள்தான். அந்த இடத்திலேயே 90 பவுண்ட் தண்டம் உங்கள் பெயரில் எழுதலாம். கோர்ட்டுக்குப் போனால் தண்டத்துக்கு உச்ச வரம்பே இல்லை. குடிவெறியில் நிற்கிறவருக்குத் தெரிந்தே விற்பதும் குற்றம், அதற்கு 1,000 பவுண்ட் வரை போகும்.

நான் போன பயிற்சியில் சட்டப் பிரிவுகளை விட அதிக நேரம் "இல்லை" என்று சொல்லத்தான் பழக்கினார்கள். போத்தலை ஸ்கேன் பண்ணுவதற்கு முன்பே ஐடியைக் கேள், காசை எடுத்து நீட்டியபிறகு கேட்டால்தான் சண்டை வரும். "உனக்கு 18 ஆகவில்லை" என்று சொல்லாதே, 25க்குக் கீழே தெரிகிற எல்லாரிடமும் கேட்பது கடை விதி என்று சொல். போனில் இருக்கிற பாஸ்போர்ட் படத்தை ஐடியாக எடுக்காதே. இதெல்லாம் சின்ன விஷயம் மாதிரி இருக்கும், சனிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தனியாக நிற்கும்போது தெரியும்.

கவுன்சில்காரர்கள் சோதனைக்கு வயது குறைந்த பிள்ளைகளை அனுப்புவார்கள். வயதைக் கேட்டால் உண்மையைச் சொல்லும்படி பொதுவாக அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். அதாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தாலே தப்பியிருக்கலாம் என்கிற இடத்தில்தான் பல கடைகள் விழுகின்றன.

அப்புறம் மறுப்புப் புத்தகம், விற்க மறுத்த ஒவ்வொரு தடவையையும் எழுதி வைக்கிற புத்தகம். தேதி, நேரம், என்ன கேட்டார், ஆள் எப்படி, யார் மறுத்தது. "நீலத் தொப்பி, வோட்கா சின்னப் போத்தல், ஐடி இல்லை" என்று ஒரு வரி போதும். ஒருமுறை பார்வையிட வந்த அதிகாரி எங்கள் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, நான் விடுமுறையில் இருந்த நாட்கள் மட்டும் ஏன் வெறுமையாக இருக்கின்றன என்று முதலாளியைத்தான் கேட்டார். முதலாளி என் மீது கோபப்பட்டார், அது என்ன நியாயமோ தெரியாது. அதே மனிதர்தான் கால் தள்ளாடி வந்த ஒருவருக்கு நான் விற்க மறுத்தபோது "தினமும் வாற ஆள், குடுத்து அனுப்பு" என்று உள்ளே இருந்து கத்தியவர். நான் கொடுக்கவில்லை. வந்தவர் என் நிறத்தைச் சொல்லித் திட்டிவிட்டுப் போனார், மறுநாள் ஒன்றும் நடக்காத மாதிரி பால் வாங்க வந்தார்.

"போத்தல் விற்கிறதுக்கு ஒழுக்கப் பாடமா" என்று கீழே யாராவது எழுதுவீர்கள் என்று தெரியும். நான் குடிப்பதில்லை, குடிக்கச் சொல்லவும் இல்லை, வாடகை கட்ட வேண்டியிருந்தது. ஊரில் என் பெரியப்பா இப்பவும் "சாராயக்கடைப் பிள்ளை" என்றுதான் என்னை அறிமுகப்படுத்துகிறார். நான் ஊருக்குப் போகிறேன் என்றால் டியூட்டி ஃப்ரீயில் எந்த விஸ்கி எடுத்து வர வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறவரும் அவர்தான். கல்யாணப் பேச்சு ஒன்று இந்தப் பட்டத்தாலேயே குழம்பியது. சரி, அதை இங்கே இழுக்க வேண்டாம்.

பயிற்சியை எடுங்கள். செலவைச் சம்பளத்தில் வெட்டுவோம் என்றால் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக் கொள்ளுங்கள். முதல் நாளே மறுப்புப் புத்தகம் எங்கே என்று கேளுங்கள். "அப்படியென்றால் என்ன" என்று முதலாளி திருப்பிக் கேட்டால் வேறு கடை பாருங்கள்.