துல்சா அடிதடி வழக்கு: மாநிலம் கைகழுவ முடியாது

அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் உள்ள துல்சாவில் உங்கள் தோழி தாக்கப்பட்ட வழக்கை எடுக்க மாவட்ட வழக்கறிஞர் அலுவலகம் மறுத்தது சரியா என்று கேட்டீர்கள். மாநிலம் வழக்குப் போடலாம். உங்கள் செரோக்கி பூர்வகுடி இனத்தைச் சேர்ந்த அந்தத் தோழியை அடித்த முன்னாள் காதலர் பூர்வகுடி அல்லாதவர் என்றால், சம்பவம் மஸ்கோகி பூர்வகுடியினரின் ரிசர்வேஷன் (அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலப்பகுதி) எல்லைக்குள் நடந்தது என்ற காரணத்துக்காக மாவட்ட வழக்கறிஞர் அலுவலகம் "எங்களுக்கு அதிகாரமில்லை" என்று சொல்ல முடியாது.

ரிசர்வேஷனுக்குள் பூர்வகுடியினர் செய்யும் குற்றத்தை மாநிலம் விசாரிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொன்ன மெக்கர்ட் தீர்ப்பை அந்த அலுவலகத்தினர் மனதில் வைத்துச் சொல்லியிருக்கலாம். அதில் குற்றவாளியே பூர்வகுடி. அப்புறம் 2022 ஜூன் 29 அன்று காஸ்ட்ரோ-ஹுவெர்ட்டா வழக்கில் உச்ச நீதிமன்றம், பூர்வகுடி நிலத்தில் பூர்வகுடி அல்லாதவர் பூர்வகுடிக்கு எதிராகச் செய்யும் குற்றத்தை மத்திய அரசு, மாநிலம் இரண்டுமே விசாரிக்கலாம் என்று 5-க்கு 4 கணக்கில் தீர்ப்பளித்தது. அதுவும் துல்சா வழக்குதான். பாதிக்கப்பட்டது ஐந்து வயது செரோக்கிச் சிறுமி. பூர்வகுடித் தன்னாட்சியைக் குறைக்கிறது என்று நீதிபதி கோர்சச் கடுமையாக எதிர்த்து எழுதினார். எனக்கும் அந்த வருத்தம் உண்டு. ஆனால் இன்றைய சட்டம் அதுதான்.

முதலில் ஒன்றைப் பாருங்கள்: அந்த ஆள் ஏதாவது ஒரு பூர்வகுடி இனத்தில் பதிவு பெற்ற உறுப்பினரா? செரோக்கி மட்டுமில்லை, எந்த இனமானாலும் சரி. ஆம் என்றால் என் பதில் மாறிவிடும். இல்லையென்றால், காஸ்ட்ரோ-ஹுவெர்ட்டா தீர்ப்பின் பெயரைச் சொல்லி, மாவட்ட வழக்கறிஞர் அலுவலகத்தின் மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.

பூர்வகுடி இனங்களின் சொந்த நீதிமன்றம் பூர்வகுடி அல்லாதவரைக் குற்ற வழக்கில் விசாரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1978 ஒலிஃபண்ட் தீர்ப்பு தடை போட்டது. ஆனால் குடும்ப வன்முறைக்கும் காதல் உறவில் நடக்கும் வன்முறைக்கும் பெண்களுக்கு எதிரான வன்முறைச் சட்டத்தின் 2013 திருத்தம் வழி திறந்திருக்கிறது. அங்கும் கேளுங்கள்.

அதிகாரம் இருந்தாலும் வழக்குப் போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் மாநிலத்துக்கு இல்லை. அதனால் மத்திய அரசின் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யிடமும் புகார் கொடுக்கச் சொல்லுங்கள். பாதுகாப்பு ஆணையை இதற்கெல்லாம் காத்திருக்காமல் உடனே வாங்கிவிடட்டும்.